வெட்டிய இரைப்பையின் வேலையை யார் பார்ப்பது?



இன்றைய பேச்சு ஒரு தையல்காரப் பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. வயது இருபது. கந்தக அமிலத்தைக் குடித்துவிட்டுப் பிழைத்துக்கொண்டவர். உயிர் தப்பினாலும், அமிலம் பட்ட இடம் தழும்பேறி இரைப்பையின் கீழ்வாய் சுருங்கிவிட்டது. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. இப்படியே நாட்கள் போன பிறகு அவருடைய கண்கள் அசைவை இழந்தன, நடை தள்ளாடியது, எங்கே இருக்கிறோம் என்பதே பிடிபடாமல் போனது. கொஞ்ச நாளில் இறந்துபோனார். ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1881இல் அந்த மூளை நோயை முதன்முதலாக விவரித்தபோது காட்டிய நோயாளிகள் மூவர். அதில் இவர் ஒருவர். மற்ற இருவரும் மிதமிஞ்சிக் குடித்த ஆண்கள். அதனால் வெர்னிக்கே நோய் என்றாலே குடிகாரர்களுக்கு வருவது என்று மருத்துவ உலகம் மனத்தில் பதித்துக்கொண்டது. தையல்காரப் பெண்ணை மறந்தேவிட்டது.

நூறு ஆண்டுக்குப் பிறகு அவரைப் போன்றவர்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். இவர்கள் அமிலம் குடித்தவர்களும் இல்லை, மதுவுக்கு அடிமையானவர்களும் இல்லை. உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்கள். நார்வே நாட்டு மருத்துவர் எர்லெண்ட் ஆஷைம் 2008இல் உலகெங்கும் பதிவான இத்தகைய நோயாளிகளைத் தேடித் தொகுத்தார். 84 பேர் கிடைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் அறுவை முடிந்து ஆறு மாதத்துக்குள் நோய் முற்றி மருத்துவமனைக்கு வந்தவர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அதற்கு முன்பு விடாத வாந்தி இருந்திருக்கிறது. ஏறத்தாழ பாதிப்பேர் முழுதாகத் தேறவில்லை. நினைவு தடுமாற்றமும் நடைக் கோளாறும் அவர்களோடு தங்கிவிட்டன. தையல்காரப் பெண்ணுக்கும் இந்த 84 பேருக்கும் இல்லாமல் போனது ஒரே பொருள்தான்: தயமின் என்கிற பி1 வைட்டமின்.

இதைக் கேட்டு அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அளவுக்கு மீறிய உடற்பருமனால் சர்க்கரை நோய், மூச்சடைப்பு, மூட்டுத் தேய்மானம் என்று அவதிப்படுகிறவர்களுக்கு அது மறுவாழ்வு தருகிறது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வின் முடிவு 2007இல் வெளிவந்தபோது, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்திருப்பது ஐயமில்லாமல் தெரிந்தது. கத்தியின் வேலை நன்றாகவே நடக்கிறது. கத்தி எடுத்துக்கொண்டுபோன வேலையை அப்புறம் யார் செய்வது என்பதைத்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

இரைப்பை என்றால் சோற்றைத் தாங்கும் பை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஸ்லீவ் என்ற அறுவையில் அந்தப் பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். இன்று உலகத்தில் அதிகம் செய்யப்படுவது இதுதான். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியை முட்டையளவுக்குப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். மிச்ச இரைப்பையும் குடலின் முதற்பகுதியான டியோடினமும் உள்ளேதான் இருக்கும். ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. இரும்புச்சத்தும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படுவது அந்த வழியில்தான். "ஸ்லீவில் குடலைத் தொடவில்லையே, அதனால் மாத்திரை தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. இரைப்பை செய்து வந்த வேலை என்னவென்று தெரிந்தால் அந்தத் தவறு நடக்காது.

அந்த வேலையைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1926இல் பாஸ்டனில் மினோ, மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், அதுவரை உயிரைக் குடித்துவந்த ஒருவகை ரத்தசோகைக்கு ஈரலைச் சாப்பிடக் கொடுத்து 45 நோயாளிகளைத் தேற்றிக் காட்டினார்கள். ஈரலில் ஏதோ இருக்கிறது என்பது தெரிந்தது. ஆனால் மற்றவர்கள் எல்லாரும் சாதாரணச் சாப்பாட்டிலேயே அதைப் பெற்றுக்கொள்ளும்போது இந்த நோயாளிகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? அதே ஊரில் வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவருக்கு இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்தது. அவர் அரைவேக்காட்டு மாட்டிறைச்சியை முந்நூறு கிராம் சாப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தன் இரைப்பையிலிருந்தே அதை வெளியே எடுத்து, பக்குவப்படுத்தி, நோயாளிக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். கேட்கும்போது குமட்டலாம். ஆனால் நோயாளியின் ரத்தம் ஊறத் தொடங்கியது. இறைச்சியை மட்டும் கொடுத்தபோது பலன் இல்லை. இரைப்பை நீரை மட்டும் கொடுத்தபோதும் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பலித்தது. இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் பி12 வைட்டமினைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒப்படைக்கிறது என்பது பின்னர் விளங்கியது. அந்தப் புரதத்தைச் சுரக்கும் செல்கள் நிறைந்திருக்கும் பகுதியைத்தான் ஸ்லீவில் வெட்டி எடுக்கிறார்கள். உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்கும் அமிலமும் அதே இடத்துச் சரக்குதான்.

துணைக்கு ஆள் இல்லாத பி12 எப்படி உள்ளே போகும்? கூட்டத்தோடு கூட்டமாக, தள்ளுமுள்ளுவில் போகும். விழுங்கிய பி12இல் நூற்றில் ஒரு பங்கு எந்தப் புரதத்தின் உதவியும் இல்லாமல் தானாகவே குடல் சுவர் வழியாகக் கசிந்துவிடும். மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது இரண்டு மைக்ரோகிராமை ஒட்டித்தான். மாத்திரையில் ஆயிரம் மைக்ரோகிராம் இருப்பதைப் பார்த்து, "ஐந்நூறு மடங்கா? உடம்புக்குச் சூடு" என்று பயந்து பாதியாக உடைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஆயிரத்தில் உள்ளே போவது பத்து மட்டுமே. இந்த ஒரு சதவீதக் கணக்கை மருந்துச் சீட்டு எழுதும்போதே யாராவது சொல்லிவிட்டால் மாத்திரையை யாரும் உடைக்க மாட்டார்கள். அமெரிக்க உடற்பருமன் அறுவை மருத்துவர்கள் சங்கம் நாளொன்றுக்கு 350 முதல் 1,000 மைக்ரோகிராம் வரை பரிந்துரைக்கிறது. அல்லது மாதம் ஒருமுறை ஆயிரம் மைக்ரோகிராம் ஊசி. யாருக்கு எது என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பி12 நம்மை ஏமாற்றுவது வேறொரு வழியில். ஈரலில் அதன் கையிருப்பு பெரிது. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, சிலருக்கு ஐந்து ஆண்டுகூடத் தாங்கும். அறுவை செய்துகொண்டவர் முதல் வருடம் ஒழுங்காக மாத்திரை போடுகிறார். எடை குறைகிறது, சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறார்கள், பழைய சட்டைகளைத் தையற்கடையில் கொடுத்துப் பிடிக்கிறார். உடம்பு நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று ஒரு நாள் விடுகிறார், பிறகு ஒரு வாரம், பிறகு மொத்தமாக. ஒன்றும் ஆவதில்லை. ஆவதில்லை என்பதே அவருக்குச் சான்றாகிவிடுகிறது. மூன்றாம் ஆண்டு உள்ளங்காலில் மதமதப்பு. செருப்பு கழன்று விழுந்தது தெரியவில்லை. இருட்டில் நடந்தால் தடுமாற்றம். எலும்பு மருத்துவரிடம் போகிறார், நரம்பு மருத்துவரிடம் போகிறார். மூன்றாண்டுக்கு முந்தைய அறுவையைச் சொல்லத் தோன்றுவதில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

நம் ஊரில் இதற்குத் துணைபோகிற காரணங்களும் அதிகம். பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாகத்தான். சைவ உணவுக்காரர்களுக்குப் பாலும் தயிருமே கதி. அவர்கள் கையிருப்பு தொடக்கத்திலேயே மெலிந்திருக்கும். சர்க்கரைக்குப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு அந்த மருந்தே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைத்திருக்கும். நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் 'கேஸ் மாத்திரை' போடுகிறவர்களுக்கு அமிலமும் குறைவு. இந்த மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது தமிழ்நாட்டில் அபூர்வம் இல்லை. போதாக்குறைக்கு, ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகச் சாப்பிட்டு வந்தால் ரத்தச் சோதனையில் ரத்தசோகை மறைந்துவிடும். நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருக்கும்.

பி12க்கு ஆண்டுக்கணக்கு என்றால் தயமினுக்கு வாரக்கணக்கு. உடம்பில் அதன் மொத்த இருப்பே முப்பது மில்லிகிராமைத் தாண்டாது. இரண்டு, மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும். அன்றாடங்காய்ச்சி வீட்டு அரிசிப் பானை அது. அறுவைக்குப் பின் முதல் மாதங்களில் சாப்பாடு சில கரண்டிகள்தான். அதற்கு மேல் வாந்தியும் சேர்ந்துகொண்டால் பானை கவிழ்ந்துவிடுகிறது.

தயமினுக்கும் நம் மண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மக்கரிசன் ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அதன் வேலை பெரிபெரி என்கிற நோயை ஆராய்வது; அந்த நோய்க்குக் காரணம் தயமின் குறைவு. அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி வாட்டியது ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடக்குக் கடலோர மாவட்டங்களை. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களை அது பெரும்பாலும் அண்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. நம் பாட்டிமார் அவித்து உலர்த்திய நெல்லுக்குள் இப்படி ஒரு மருந்து இருந்திருக்கிறது. அதே மாகாணத்தின் நெல்லூரில் மிஷனரி பெற்றோருக்கு 1886இல் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ்தான், பின்னாளில் அமெரிக்காவில் 1936இல் தயமினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியவர்.

ஆனால் கையளவு சோறே முழுச் சாப்பாடாகிவிட்ட ஒருவரைப் புழுங்கல் அரிசி மட்டும் காப்பாற்றாது. நம் ஊர் வழக்கம் ஒன்று இங்கே பேராபத்தாக முடியக்கூடும். வாந்தி நிற்கவில்லை, ஆள் சோர்ந்து கிடக்கிறார் என்றால் என்ன செய்கிறோம்? தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப்போய், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்கிறோம். குளுக்கோஸை எரித்து ஆற்றலாக்க மூளைக்குத் தயமின் வேண்டும். இருப்பில் கடைசித் துளி மட்டும் இருக்கும்போது குளுக்கோஸைக் கொட்டினால் அந்தத் துளியும் செலவாகி, நல்ல நினைவோடு போனவர் அன்றிரவே கண் சொருகிக் குழம்பிப்போகலாம். முதலில் தயமினை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்த வேண்டும். குளுக்கோஸ் அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. தயமின் ஊசி விலை உயர்ந்த மருந்தும் இல்லை. இது ஒன்றை மட்டும் இந்த அரங்கிலிருந்து எல்லாரும் வீட்டுக்கு எடுத்துப்போனால் போதும் என்றே தோன்றுகிறது.

இரும்புச்சத்தின் கதை நமக்குப் பழகியது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள், 53.4 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். பருத்த உடம்பு என்றால் சத்து நிறைந்த உடம்பு என்ற நம்பிக்கை இந்த எண்களின் முன் நிற்காது. அறுவைக்குப் போகும் முன்பே இரும்பும் வைட்டமின் டியும் குறைந்தவர்கள் ஏராளம். மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு அறுவைக்குப் பின் நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கப்படுகிறது. மலச்சிக்கல், கருத்த மலம் என்று இந்த மாத்திரையைத்தான் பெண்கள் முதலில் நிறுத்துகிறார்கள். நிறுத்தும் முன் மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை மாற்றித் தருவார். தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழியாகவே இரும்பை ஏற்றிவிட முடியும். விழுங்கிய கையோடு காபி குடித்தால் இரும்பு சரியாக உள்ளே போகாது. எலுமிச்சைச் சாறோடு விழுங்கினால் நன்றாகப் போகும்.

கால்சியமும் இரும்பும் ஒன்றாக வந்தால் வாசலிலேயே மோதிக்கொள்ளும். இடையில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். கால்சியத்தை ஒரே வேளையில் ஐந்நூறு, அறுநூறு மில்லிகிராமுக்கு மேல் குடல் ஏற்காது. நாளுக்கு 1,200 முதல் 1,500 வரை தேவை என்பதால் இரண்டு, மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. மருந்துக்கடையில் அதிகம் கிடைப்பது கால்சியம் கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும். அமிலமோ இவர்களிடம் குறைவு. கால்சியம் சிட்ரேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆகவே கேட்டு வாங்க வேண்டும். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்ற முடிவைப் பார்த்து நிம்மதி அடைவதிலும் பொருள் இல்லை. ரத்தத்தில் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ஈடுகட்டிவிடும். எண் சரியாகவே இருக்கும், எலும்பு இளைத்துக்கொண்டே போகும். அதனால்தான் வைட்டமின் டியோடு பாராதைராய்டு ஹார்மோனையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறையுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: தென்னிந்தியாவில் எடுத்த ஆய்வுகளும் பரவலான குறைபாட்டையே காட்டியிருக்கின்றன.

முடி கொட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெண்கள் அதிகம் அழுவது அதற்காகத்தான். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொத்துக்கொத்தாக உதிரும். வேகமான எடைக் குறைவின் அதிர்ச்சியால் வருவது அது. பெரும்பாலும் தானே நின்று மீண்டும் வளரும். போதிய புரதமும் இரும்பும் கிடைக்கிறதா என்று பார்ப்பதே சரியான மருத்துவம். பயோட்டினை வாங்கி விழுங்குவதால் பெரிய பயன் இல்லை. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு சோதனையையும் மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் சோதனையையும் அது பிறழச் செய்யும். இப்படித் தவறாகக் குறைந்து காட்டிய டிரோபோனின் முடிவுக்குப் பிறகு ஒருவர் இறந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரிக்கையாகவே அறிவித்தது.

இளம்பெண்களின் நிலை தனியாக யோசிக்க வேண்டியது. எடை குறைந்ததும் ஒழுங்கற்ற மாதவிலக்கு சீராகி, கரு தங்கும் வாய்ப்பு கூடும். ஆனால் அறுவைக்குப் பின் ஒன்று, ஒன்றரை ஆண்டு கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். தாயின் இருப்பே ஆட்டம் கண்டிருக்கும் காலம் அது. வைட்டமின் ஏ மிகுந்தால் கருவைப் பாதிக்கும் என்பதால், அந்தக் கட்டத்தில் ரெட்டினால் வடிவத்தை விட்டு பீட்டா கரோட்டின் வடிவத்துக்கு மாற வேண்டும். பெண்ணுக்கு அறுவை நடந்ததைப் பிள்ளை வீட்டாரிடம் சொல்லாமல் திருமணம் முடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பெண் புகுந்த வீட்டில் நாலு வேளை மாத்திரையை எங்கே வைத்து, எப்படி விழுங்குவார்? "எதுக்கும்மா இத்தனை மாத்திரை?" என்று மாமியார் கேட்டால் என்ன பதில் சொல்வார்? மறைக்கப்பட்ட அறுவைக்கு மாத்திரையும் மறைந்தே போகிறது. பி12 குறைந்த தாயிடம் மட்டுமே பால் குடித்து வளரும் குழந்தைக்கும் அந்தக் குறை இறங்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். வெட்கத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

மாத்திரையை நிறுத்திவிடுவதற்கு 'சத்து மாத்திரை' என்ற பெயரும் ஒரு காரணம். நம் பேச்சில் அது மருந்துச் சீட்டின் கடைசி வரி. காசு குறைந்தால் முதலில் அடிபடும் வரி. "காய்ச்சல் மாத்திரை மட்டும் குடுங்க, சத்து மாத்திரை அப்புறம் பாத்துக்கலாம்" என்று மருந்துக்கடையில் தினமும் கேட்கிற குரல்தான். இரைப்பையை வெட்டிக்கொண்டவருக்கு இது அந்தச் சத்து மாத்திரை கிடையாது. கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் எப்படியோ, அப்படி. அறுவைக்குப் பணம் கட்டும்போதே ஆயுள் முழுக்க ஆகும் மாத்திரைச் செலவையும் ரத்தப் பரிசோதனைச் செலவையும் மருத்துவமனைகள் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு, அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பரிசோதனையின் கணக்கு. முதலாண்டு மருத்துவமனையே தொலைபேசியில் கூப்பிட்டு நினைவூட்டும். கூப்பிடுவது நின்ற பிறகு வருவதே உண்மையான சோதனைக் காலம். அந்த நேரத்தில்தான் பி12 இருப்பும் கரைந்துகொண்டிருக்கும்.

செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. பணப்பையில் ஆதார் அட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டை. அதில் பெரிய எழுத்தில்: "எடைக் குறைப்புக்காக எனக்கு இரைப்பை அறுவை நடந்திருக்கிறது. நான் வாந்தியோடும் சோர்வோடும் வந்தால், குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் செலுத்தவும்." பின்பக்கத்தில் அறுவையின் பெயர், அது நடந்த தேதி, கடைசியாக ரத்தம் பரிசோதித்த தேதி. முதல் இரண்டையும் பேனாவால் எழுதலாம். மூன்றாவதைப் பென்சிலால் எழுத வேண்டும். ஆண்டுதோறும் அழித்துப் புதிதாக எழுத வேண்டிய தேதி அது.